ஜான் எப்படி ஜாக் ஆனார்? அந்த ஜாக் அப்புறம் எங்கெல்லாம் போனார்?

திருவானைக்காவலன்

நண்பர்களே, ஒரு மாதமாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. ஒரு சிற்றிதழுக்காக கென்னடி குடும்பத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். அதில் ஜான் எஃப். கென்னடி என்று ஓரிடத்தில் வருகிறது, இரண்டு பத்தி தள்ளி "ஜாக் அப்போது நோயில் படுத்திருந்தான், பாபிதான் ஓடியாடி வேலை பார்த்தான்" என்கிற மாதிரி வருகிறது. ஒன்பது பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் ஜாக் என்று இன்னொரு சகோதரன் இருந்திருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். "ஜானின் சகோதரர் ஜாக்" என்று நானே இரண்டு இடத்தில் சேர்த்தும் எழுதிவிட்டேன். இதழ் அச்சாகி வந்த பிறகு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார்: ஐயா, ஜானும் ஜாக்கும் ஒரே ஆள்.

திருத்தம் போட வேண்டும், போடுவேன். ஆனால் அதற்கு முன் எனக்கு இது சரியாகப் புரிய வேண்டும். ராபர்ட் பாபி ஆனது காதுக்குப் புரிகிறது, எட்வர்ட் டெட் ஆனதும் ஓரளவு புரிகிறது. ஜான் என்பதே ஓர் அசைதான், அதைச் சுருக்கி என்ன மிச்சப்படுத்தினார்கள்? ஜாக் என்பது நீளத்தில் ஒன்றும் குறையவில்லையே. இன்னொன்று, மனைவியின் பெயர் ஜாக்கி. அது இவருடைய ஜாக்கிலிருந்து வந்ததா?

அகராதிப்பித்தன்

உங்கள் குழப்பம் நியாயமானது. ஆங்கிலேயர்களே இதில் நெடுங்காலம் குழம்பியிருக்கிறார்கள். ஜாக் என்பது பிரெஞ்சில் உள்ள ழாக் என்ற பெயரிலிருந்து வந்தது என்றுதான் பலரும் நம்பினார்கள். காதால் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ழாக் என்றால் ஆங்கிலத்தில் ஜேம்ஸ், விவிலியத்து யாக்கோபு. இங்கிலாந்தின் பழைய பதிவேடுகளில் ஜாக் என்று அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஜான்களாக இருக்கிறார்கள், ஜேம்ஸ்களாக இல்லை. ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூலகத்தின் தலைவராக இருந்த நிக்கல்சன் 1892இல் இதற்காகவே ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். அவர் காட்டிய பாதைதான் இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது.

பாதை இதுதான். ஜான் என்பதோடு "கின்" என்ற விகுதி சேர்ந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் டச்சு, ஃபிளெமிஷ் மொழிகளில் சிறிய, செல்லமான என்ற பொருளில் பெயரோடு ஒட்டும் விகுதி அது. ஜான்கின் என்றால் ஜான் குட்டி. ஜான்கின் வாயில் புரண்டு ஜாக்கின் ஆயிற்று, ஜாக்கினில் வால் உதிர்ந்து ஜாக் ஆயிற்று. அதாவது ஜாக் என்பது ஜானின் சுருக்கமே அல்ல, ஜானை நீட்டிச் செல்லமாக்கி அப்புறம் வெட்டியது. அதனால்தான் நீளத்தில் லாபம் ஒன்றும் தெரியவில்லை. ஜென்கின்ஸ் என்ற குடும்பப் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இந்தப் பாதையின் நடுவில் உறைந்து நின்ற வடிவம். ஜாக்சன் என்றால் ஜாக்கின் மகன்.

திருமதி கென்னடிக்கு வருவோம். அவர் ஜாக்குலின், அது ழாக்கின் பெண்பால். அப்படியென்றால் ஜாக்கும் ஜாக்கியும் ஒரே வீட்டில் இருந்தாலும் பெயரின் வேர் வேறு வேறு. அவர் பெயர் விவிலியத்து யோவானின் வழி, அவர் மனைவியின் பெயர் யாக்கோபின் வழி.

மணிமேகலை_சிவகங்கை

எங்கள் வீட்டில் கிருஷ்ணமூர்த்தி தாத்தாவைக் கிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கிருஷ்ணமூர்த்தியில் "ட்டு" எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சுப்பிரமணியன் மணி ஆகிறான், லட்சுமி லச்சு ஆகிறாள். வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக் கடிதங்களைப் படித்தால் கிட்டு வேறு, கிருஷ்ணமூர்த்தி வேறு என்றுதான் நினைப்பார். அண்ணன் இதற்காக இவ்வளவு வருந்த வேண்டாம்.

ஓரியூர்ப் பங்கு

ஜான் என்ற பெயரின் பொருளை யாரும் சொல்லவில்லையே. எபிரேயத்தில் யோகனான், "யாவே அருள் செய்தார்" என்று பொருள். அது கிரேக்கத்தில் யோவான்னெஸ், லத்தீனில் யோகன்னெஸ், ஆங்கிலத்தில் ஜான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதை ஒலிபெயர்க்காமல் பொருளைப் பெயர்த்தார்கள்: அருளப்பர். எனக்குத் தெரிந்து ஒரு விவிலியப் பெயரை இவ்வளவு அழகாகத் தமிழாக்கியது வேறு இல்லை. எங்கள் ஊரில் 1693இல் தலை வெட்டப்பட்ட ஜான் டி பிரிட்டோவை நாங்கள் அருளானந்தர் என்றே சொல்கிறோம். அதிலும் அந்த "அருள்" அப்படியே நிற்கிறது. எங்கள் தெருவில் மூன்று அருளப்பன், இரண்டு அருளானந்து உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து பேரும் ஜான்தான்.

திருவானைக்காவலன்

அகராதிப்பித்தன் ஐயா, ஜான் குட்டி என்றதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, நன்றி. மலையாளத்தில் ஜான்குட்டி என்றே ஆட்கள் இருக்கிறார்களே! ஆனால் இன்னொரு கேள்வி. அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, கீழே இரண்டு பக்கத்துக்கு வேறு வேறு பொருள்கள். சீட்டு, மாலுமி, கழுதை, கொடி, பளுதூக்கி. ஓர் ஆளின் பெயருக்கு எப்படி இவ்வளவு பொருள் வரும்?

மாரி மோட்டார் ஒர்க்ஸ்

பளுதூக்கி என்று அகராதியில்தான் போடுவார்கள் சார். நாங்கள் ஜாக்கி என்போம். டயர் கழற்ற ஸ்குரூ ஜாக்கி, லாரிக்கு ஹைட்ராலிக் ஜாக்கி. இப்போது வீட்டையே ஜாக்கி வைத்து மூன்று அடி தூக்குகிறார்கள். ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிப் போனால் அஸ்திவாரத்தில் இருநூறு முந்நூறு ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருக வேண்டும், ஒருத்தர் முந்தினாலும் சுவர் விரிசல் விட்டுவிடும். பதினெட்டு வருடமாக அந்தச் சாமானைக் கையில் பிடிக்கிறேன், அது ஒரு ஆளோட பேர் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். யார் அந்த ஆள், கண்டுபிடித்தவரா?

அகராதிப்பித்தன்

மாரி தம்பி, கண்டுபிடித்தவர் பெயர் இல்லை. நான் இந்த இழையில் சொல்ல நினைத்ததே இதுதான், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் ஜான் என்ற பெயர் எங்கும் நிறைந்திருந்தது. இருக்கிற ஆண் பெயர்களே சில, அவற்றில் ஜான் முதல் வரிசையில். ஒரு கிராமத்தில் நாலு பேரைக் கூப்பிட்டால் ஒருவனாவது திரும்பிப் பார்ப்பான் என்கிற நிலை. 1381இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஜான் பால் என்ற பாதிரியார், இன்னொருவர் பெயர் ஜாக் ஸ்ட்ரா. 1450இல் கென்ட் பகுதியிலிருந்து லண்டனுக்குப் படையோடு வந்தவர் ஜாக் கேட். வரலாறு இவர்களை ஜான் என்று மரியாதையாகக் குறிப்பிடவில்லை, ஜாக் என்றே வைத்துக்கொண்டது.

இப்படி எல்லாருக்கும் உள்ள பெயர் யாருக்கும் உரியதாக இல்லாமல் போகிறது. ஜாக் என்றால் "யாரோ ஒருத்தன்" என்று ஆனது. நம்மூரில் குப்பன் சுப்பன் என்கிறோமே, அதுதான். பிறகு யாரோ ஒருத்தன் என்பதிலிருந்து சாதாரண ஆள், சாதாரண ஆளிலிருந்து ஏவல் வேலை செய்யும் பையன். பெரிய வீட்டில் எஜமானுக்கு வேலைக்காரப் பையனின் பெயர் எதற்கு? எவனாக இருந்தாலும் ஜாக்.

இதற்கு அடுத்த படியைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் கனக்கும். அந்தப் பையன் செய்த வேலையைச் செய்ய ஒரு கருவி வந்தது. கருவிக்கும் அவன் பெயரையே வைத்தார்கள். எஜமான் காலிலிருந்து பூட்ஸைப் பிடித்து இழுக்க ஒரு பையன் வேண்டும், அவனுக்குப் பதிலாக ஒரு பிளந்த பலகை வந்தது, அதற்குப் பெயர் பூட்-ஜாக். அடுப்பின் முன் இறைச்சி குத்திய கம்பியை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டே இருக்க ஒரு பையன் வேண்டும், முகம் வெந்துபோகும் வேலை. அதைச் செய்ய எடையும் பல்சக்கரமும் வைத்த பொறி வந்தது, அதுவும் ஜாக். வண்டியின் அச்சைத் தோள் கொடுத்துத் தூக்க ஆள் வேண்டும், அங்கே வந்த திருகு நீங்கள் கையில் பிடித்திருக்கும் ஜாக்கி. மாதாகோயில் கடிகாரத்தில் மணியடிக்கும் பொம்மை மனிதனுக்கும் ஜாக் என்றே பெயர். வெல்ஸ் நகரப் பேராலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கடிகாரத்துக்கு மணியடிக்கும் மர மனிதனை ஜாக் பிளாண்டிஃபர் என்கிறார்கள், கால் மணிக்கு ஒருமுறை குதிகாலால் மணியை உதைக்கிறான், இன்றைக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: கண்டுபிடித்தவன் பெயர் அல்ல தம்பி. அது வந்ததும் யாருக்கு வேலை இல்லாமல் போனதோ அவனுடைய பெயர்.

மாரி மோட்டார் ஒர்க்ஸ்

சார், கடைசி வரியை ஷெட்டில் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆரல்வாய்மொழிக் காற்று

ஆங்கிலத்தில் பலாப்பழத்துக்கு ஜாக்ஃபுரூட் என்று பெயர் வந்ததும் இப்படித்தான். வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக சுமத்ரா பக்கம் இருந்தார், அவர் பெயரால் வைத்தது என்று படித்திருக்கிறேன். ஆளின் பெயர் பொருளுக்குப் போவதற்கு இது இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு.

அகராதிப்பித்தன்

இல்லை நண்பரே, இது பல இடங்களில் சுற்றி வரும் பிழை. வில்லியம் ஜாக் பிறந்தது 1795இல். அதற்கு இரு நூற்றாண்டுக்கு மேல் முன்னால், 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துச் செடிகள் பற்றிய நூலிலேயே இந்தப் பழம் ஜாக்கா என்ற பெயரில் வந்துவிட்டது. போர்த்துகீசியர்கள் மலபாரில் இறங்கிக் கேட்ட சொல் சக்கை, அதைத்தான் ஜாக்கா என்று எழுதினார்கள், ஆங்கிலேயர் காதில் அது தங்கள் ஜாக் போலவே விழுந்தது. ஊர் பெயரைப் பார்த்தால் நீங்கள் குமரி மாவட்டம் போலத் தெரிகிறது, உங்கள் வீட்டில் பலாவை என்ன சொல்வீர்கள்?

ஆரல்வாய்மொழிக் காற்று

சக்கை! சக்கைப்பழம், சக்கைக்குரு, சக்கை அவியல். ஐயா, என் வாயில் தினமும் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு யாரோ ஒரு வில்லியமைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். திருத்தியதற்கு மிகுந்த நன்றி.

அகராதிப்பித்தன்

அதே மாதிரி குள்ளநரிக்கு ஆங்கிலத்தில் ஜாக்கல் என்பதிலும் இந்த ஜாக் இல்லை. வடமொழி சிருகாலம் பாரசீகத்தில் ஷகால் ஆகி, துருக்கியில் சகால் ஆகி, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. ஜாக்கெட் இன்னொரு வகை. அது பிரெஞ்சு ழாக் வழியாக வந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ழாக் என்பது அங்கே குடியானவனுக்கு மேட்டுக்குடியினர் வைத்த பொதுப் பெயர், அவன் போட்ட குட்டைச் சட்டை ஜாக்கெட். 1358இல் பிரான்சில் நடந்த உழவர் கிளர்ச்சிக்கே ழாக்கரி என்று பெயர். ஆங்கிலக் கால்வாயின் இரண்டு கரையிலும் ஏழைக்கு வைத்த பெயர்கள் வேறு வேறு வேரிலிருந்து வந்து ஒரே மாதிரி ஒலிப்பது வியப்புத்தான். நம் பெண்கள் சேலைக்குப் போடும் ஜாக்கெட்டில் இருப்பவர் அந்தக் கரைக்காரர்.

சீட்டுக்கட்டு சீனு

சீட்டில் உள்ள ஜாக்கைப் பற்றி நான் சொல்கிறேன். அதற்குப் பழைய பெயர் நேவ். அதற்கும் முதல் பொருள் பையன், வேலைக்காரன் என்பதுதான், பிறகுதான் அயோக்கியன் என்று ஆனது. ஜாக் என்பது சாதாரண ஜனங்கள் சொன்ன பெயர், கனவான்கள் நேவ் என்பார்கள். டிக்கன்ஸின் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலில் கொல்லன் வீட்டுப் பையன் பிப், பணக்கார வீட்டுக்குப் போய் சீட்டாடும்போது ஜாக் என்று சொல்லிவிடுவான், அந்த வீட்டுப் பெண் எஸ்டெல்லா அதற்காகவே அவனை ஏளனம் செய்வாள். ஒரே ஒரு சொல், அதில் அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பது தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வயது பதினாறு, நகரத்துக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன், என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

கடைசியில் ஜெயித்தது பிப்பின் சொல்தான். சீட்டின் மூலையில் எழுத்துப் போடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியபோது கிங்குக்கும் நேவுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றாக, கே என்று இருந்தது (நேவ் என்பதில் அந்த கே எழுத்தில் மட்டும் உண்டு, ஒலிக்காது), விரித்துப் பிடிக்கையில் குழப்பம். ஜாக்குக்கு ஜே போட்டால் குழப்பமே இல்லை. ஜாக்பாட் என்பதும் இங்கிருந்து வந்ததுதான். 1870கள் வாக்கில் அமெரிக்காவில் ஆடிய ஒரு வகை போக்கரில், கையில் இரண்டு ஜாக்காவது, அல்லது அதைவிட நல்ல சீட்டாவது இருந்தால்தான் ஆட்டத்தைத் திறக்க முடியும். யாருக்கும் வராவிட்டால் எல்லாரும் மறுபடி காசு போட வேண்டும், குவியல் ஏறிக்கொண்டே போகும்.

கடல்நாரை

அகராதிப்பித்தன் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. எல்லா ஜாக்கையும் வேலைக்காரன் கணக்கில் எழுதிவிட முடியாது. நான் கப்பலில் இருபது வருடம் இருந்தவன். எங்கள் வட்டத்தில் ஜாக் என்றால் மாலுமி, அதில் இழிவு இல்லை, பெருமைதான். கப்பலின் முன்முனையில் பறக்கவிடும் சிறிய கொடிக்கு ஜாக் என்று பெயர், அது நட்டிருக்கும் கம்பு ஜாக்ஸ்டாஃப். பிரிட்டன் கொடியை யூனியன் ஜாக் என்பது இதனால்தான். இங்கே ஜாக் என்பதற்குச் சிறியது என்ற பொருள் மட்டுமே. புல்தரையில் உருட்டி ஆடும் பௌல்ஸ் ஆட்டத்தில் குறியாக வைக்கும் சின்ன வெள்ளைப் பந்தும் ஜாக். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் லத்தீன் பெயரிலிருந்து கொடிக்குப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடலில் பறந்தால்தான் ஜாக், கரையில் யூனியன் ஃபிளாக் என்று திருத்துகிறவர்களும் உண்டு, ஆனால் 1908இலேயே பிரிட்டன் நாடாளுமன்றத்தில் யூனியன் ஜாக் என்ற பெயரைச் சொல்லியே அதைத் தேசியக் கொடியாகக் கொள்ள வேண்டும் என்று அரசு அறிவித்தாயிற்று.

அகராதிப்பித்தன்

ஒப்புக்கொள்கிறேன். சிறியது என்ற கிளை தனியாகவே ஓடுகிறது, நான் அதைச் சொல்லாமல் விட்டது பிழை. ஆனாலும் சிறியது என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதே ஜான் குட்டியின் "குட்டி"தானே? செல்லமாகச் சின்னவன் என்று அழைப்பதும், மட்டமாகச் சின்னவன் என்று அழைப்பதும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. வீட்டில் தாய் கூப்பிட்டால் ஒன்று, வாசலில் எஜமான் கூப்பிட்டால் இன்னொன்று.

பண்பலை ரசிகை

அப்படியென்றால் குதிரை ஓட்டும் ஜாக்கி?

அகராதிப்பித்தன்

அம்மா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஸ்காட்லாந்தில் ஜாக்கை ஜாக் என்று சொல்வதில்லை, வாயைக் குவித்து ஜாக்குக்கும் ஜோக்குக்கும் நடுவில் ஒரு ஒலி. அதன் செல்ல வடிவம் ஜாக்கி, அதாவது குட்டி ஜான் மறுபடியும். முதலில் பையன் என்று பொருள், பிறகு குதிரை வியாபாரி, 17ஆம் நூற்றாண்டில் பந்தயக் குதிரை ஓட்டுகிறவன். 1940களில் அமெரிக்க வானொலியில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுப் பேசுகிறவர்களை டிஸ்க் ஜாக்கி என்றார்கள். அதிலிருந்து ரேடியோ ஜாக்கி, வீடியோ ஜாக்கி. 1930களில் அமெரிக்காவில் வந்த உள்ளாடைக்கும் ஜாக்கி என்றே பெயர் வைத்தார்கள்.

இப்போது தமிழைப் பாருங்கள். மாரி தம்பியின் ஜாக்கி, கிண்டி பந்தய மைதானத்து ஜாக்கி, ஜவுளிக்கடை ஜாக்கி, ஆர்ஜே என்பதில் உள்ள ஜே. ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்களாக எழுத்திலும் ஒலியிலும் பிரிந்து போனவை தமிழ் வாயில் மறுபடி ஒரே சொல்லாகச் சேர்ந்துவிட்டன. நாம் தெரியாமல் செய்தோம், ஆனால் வேர் பார்த்தால் அது சரி.

ஓரியூர்ப் பங்கு

அப்படியானால் காலையில் பண்பலையில் "நான் உங்கள் ஆர்ஜே" என்கிற பெண் பிள்ளையின் பட்டத்தில் எங்கள் அருளப்பர் உட்கார்ந்திருக்கிறாரா! அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லப்போகிறேன்.

டர்பன் நாயகி

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று யோசித்தேன். நான் தென்னாப்பிரிக்கத் தமிழச்சி, ஐந்தாவது தலைமுறை, தமிழ் எழுதப் படிக்க வளர்ந்த பிறகு கற்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குப்பன் சுப்பன் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு அது நடந்திருக்கிறது. 1860 நவம்பர் 16இல் மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் முனுசாமி, ராமசாமி, கோவிந்தசாமி என்ற பெயர்கள் அதிகம். வெள்ளைக்காரர்கள் கேட்டது கடைசித் துண்டு மட்டும். இந்திய ஆண் என்றால் சாமி. ஆங்கிலத்தில் சாமி என்று, சின்ன எழுத்தில், பன்மையும் போட்டு. காய்கறிக் கூடை தூக்கி வருகிறவன் ஒரு சாமி, உணவுமேசையில் நிற்பவன் ஒரு சாமி. பெண் என்றால் மேரி, அவள் பெயர் என்னவாக இருந்தாலும். காந்தி 1893இல் இங்கே வந்தபோது இதைப் பார்த்துவிட்டுத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று பொருள், அது தெரியாமல் இழிவாகக் கூப்பிடுகிறீர்கள், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று சில இந்தியர்கள் திருப்பிச் சொல்வார்களாம்.

என் தாத்தா ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவராக இருந்தார். அவர் பெயர் தண்டபாணி. அதில் சாமியே கிடையாது. முப்பத்தொரு வருடம் அவர் சாமியாகத்தான் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சுவர்க் கடிகாரத்திலும் சாமி என்றே பொறித்திருந்தது. பாட்டி அதை மாட்டவே விடவில்லை, துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தாள். அகராதிப்பித்தன் ஐயா அந்த வேலைக்காரப் பையனைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் கடிகாரம்தான் நினைவுக்கு வந்தது. பொருளில் எவ்வளவு உயர்ந்த பெயராக இருந்தாலும், கூப்பிடுகிறவன் எந்தக் குரலில் கூப்பிடுகிறான் என்பதுதான் அதன் பொருளாகிவிடுகிறது.

மணிமேகலை_சிவகங்கை

அக்கா, அந்தக் கடிகாரம் இப்போது எங்கே இருக்கிறது?

டர்பன் நாயகி

என்னிடம்தான். பின்பக்கத்தில் தண்டபாணி என்று தமிழில் நான் எழுதி வைத்திருக்கிறேன். ஓடுகிறது.

அகராதிப்பித்தன்

அம்மா, நீங்கள் எழுதியது இந்த இழைக்கே வேறொரு கனம் கொடுத்துவிட்டது. இதோடு ஒன்று சேர்க்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் தோண்டவும் ரயில்பாதை போடவும் வந்த சீனர்களை ஜான் என்றே கூப்பிட்டார்கள். தங்கள் ஊரில் யாரோ ஒருத்தனுக்கு வைத்திருந்த பெயரையே எடுத்துப் போய்ப் புதிதாக வந்தவன் தலையில் கட்டினார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. ஜாக் என்ற பெயரை இன்று யாரும் இழிவாக நினைப்பதில்லை. பிரிட்டனில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜாக் ஸ்ட்ரா பிறந்தபோது ஜான்தான், ஜாக் பின்னால் வந்தது. 1381இல் கிளர்ந்தெழுந்தவனின் பெயரை ஓர் அமைச்சர் தாங்கி நடந்திருக்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் 1990களின் நடுவிலிருந்து 2008 வரை ஒவ்வோர் ஆண்டும் முதலிடம் ஜாக்குக்கு, அடுத்த ஆண்டுதான் ஆலிவர் முந்தியது. அந்தப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலேயே ஜாக், ஜான் கிடையாது. அதனால் திருவானைக்காவலன், ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். கென்னடி காலத்து ஜாக் என்றால் பெரும்பாலும் உள்ளே ஒரு ஜான் இருப்பார். இன்று இருபது முப்பது வயதுள்ள ஜாக் வெறும் ஜாக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம், அவரை ஜான் என்று திருத்திவிடாதீர்கள்.

திருவானைக்காவலன்

இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். டர்பன் அக்காவின் பதிவை வீட்டிலும் வாசித்துக் காட்டினேன்.

மொழிபெயர்ப்பில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதே கட்டுரையில் குடும்பத்தின் ஓட்டுநரைப் பற்றி ஜாக் ஆஃப் ஆல் டிரேட்ஸ் என்று வருகிறது. சகலகலா வல்லவன் என்று போட்டேன். இப்போது அது சரியா என்று சந்தேகமாக இருக்கிறது. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பதைப் போடலாமா?

சீட்டுக்கட்டு சீனு

இரண்டுமே பொருந்தாது என்பது என் கருத்து. சகலகலா வல்லவன் என்றால் எல்லாக் கலையிலும் கைதேர்ந்தவன், அது புகழ்ச்சி, அதில் ராஜகளை இருக்கிறது. ஜாக்கில் அந்தக் களை கிடையாது, சீட்டில்கூட ராஜா ராணிக்கு அடுத்த இடம்தான். தச்சன் பழமொழியோ எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் ஒன்றும் செய்யாமல் நிற்பவனைப் பற்றியது. இந்த ஓட்டுநர் எல்லாம் செய்கிறவர் ஆயிற்றே.

அகராதிப்பித்தன்

சீனு சொல்வது சரி. இந்தத் தொடர் 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, அப்போது பல வேலை தெரிந்த ஆள் என்பதுதான் பொருள். "எதிலும் தேர்ச்சி இல்லாதவன்" என்ற வால் பின்னால் ஒட்டியது. இப்போது இணையத்தில் அதற்கும் ஒரு வால் சேர்த்து, "ஆனாலும் ஒன்றில் மட்டும் தேர்ந்தவனைவிட மேல்" என்று முடித்து, இதுதான் பழைய முழு வாசகம் என்று பரப்புகிறார்கள். பழைய நூல்களில் அப்படி இல்லை, மிக அண்மையில் யாரோ சேர்த்தது.

மாரி மோட்டார் ஒர்க்ஸ்

சார், எங்கள் பக்கம் அந்த மாதிரி ஆளை "எல்லா வேலைக்கும் கை வைப்பார்" என்போம். வயரிங் பார்ப்பார், பைப் மாட்டுவார், வண்டியும் ஓட்டுவார். பெரிய மிஸ்திரி என்று சொல்ல மாட்டோம், ஆனால் அவர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்.

திருவானைக்காவலன்

மாரி, அதையே எடுத்துக்கொள்கிறேன். "எல்லா வேலைக்கும் கை வைப்பவர்." எனக்கு இதைவிட நல்லது தோன்றவில்லை.

திருத்தக் குறிப்பை எழுதி ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். உங்களால் எழுதியது என்பதால் இங்கேயும் போடுகிறேன்:

"சென்ற இதழில் வெளியான கென்னடி கட்டுரையில் 'ஜானின் சகோதரர் ஜாக்' என்று இரண்டு இடங்களில் வந்திருப்பது மொழிபெயர்ப்பாளரின் பிழை. ஜாக் என்பது ஜான் எஃப். கென்னடியை வீட்டாரும் நண்பர்களும் அழைத்த பெயர். ஆங்கிலத்தில் ஜான் என்ற பெயருக்கு ஜாக் என்பது பழைய செல்ல வடிவம். ஊரும் உலகமும் பேசும் இடங்களில் ஜான் என்றும், தாயும் தம்பியும் பேசும் இடங்களில் ஜாக் என்றும் வாசகர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டுகிறோம். ஓட்டுநரைப் பற்றிய வரியில் 'சகலகலா வல்லவர்' என்பதை 'எல்லா வேலைக்கும் கை வைப்பவர்' என்று மாற்றிக்கொள்ளவும்."

ஆசிரியர் பதில் போட்டார், இடம் இல்லை, இரண்டு வரியாகச் சுருக்கித் தர முடியுமா என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். முழுசாகவே போடுகிறாராம்.

டர்பன் நாயகி

அந்த ஓட்டுநரின் பெயர் கட்டுரையில் இருக்கிறதா?

திருவானைக்காவலன்

இப்போதுதான் மூலத்தை எடுத்துப் பார்த்தேன் அக்கா. இல்லை.